நிரப்பிய வயலும் எல்லைக்கல் போட்ட காடும்: வாசகர் கேள்வி பதில்

அத்துருகிரியப் பக்கம் 12 பேர்ச்சஸ் காணி ஒன்று பார்த்திருக்கிறோம். மண் போட்டு மட்டமாக்கி வீதியும் வெட்டியிருக்கிறார்கள். பழைய உறுதியில் ‘கும்புர’ (சிங்களத்தில் வயல்) என்று இருப்பதாகச் சட்டத்தரணி சொல்கிறார். “பத்து வருடமாக விதைக்கவில்லை, இனி அது வயலே இல்லை” என்கிறார் தரகர். வாங்கலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

வாங்காதீர்கள், அம்மா. குறைந்தது கீழே சொல்லும் கடிதங்களைக் கண்ணால் பார்க்கும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.

பத்து வருடம் தரிசாகக் கிடந்தாலும், மேலே மண் ஏறினாலும், சட்டத்தின் முன் வயல் வயல்தான். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி நெல் வயலை நிரப்பவும், அதில் மண் எடுக்கவும், கட்டடம் எழுப்பவும் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். நிரப்பிவிட்டுப் பிறகு கடிதம் தேடுபவரிடம் வாங்கினால் அந்தச் சிக்கல் முழுவதும் உங்கள் பெயருக்கு மாறும்.

முதலில் உறுதியின் அட்டவணையைப் பின்னோக்கி 30 வருடத்துக்குப் பாருங்கள். கும்புர, தெனிய என்று எங்காவது வந்தால் வயல். ஓவிட்ட என்றால் வயலோரத்து மேட்டு நிலம்; அது நெற்காணிப் பதிவில் இல்லாவிட்டாலும் தாழ்நிலமாக இருக்கலாம். அடுத்து, அந்தப் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்குப் போய், காணியின் பெயரையும் நில அளவைப் பட இலக்கத்தையும் கொடுத்து, அது காணிப் பதிவேட்டில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் அனுமதிக் கடிதம் வைத்திருந்தால் மூலப்பிரதியைப் பாருங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். ஒரு துண்டில் ஒரு வீடு கட்டக் கொடுத்த கடிதத்தைப் பிரதியெடுத்து, முழு வயலையும் துண்டு போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். கடிதத்தில் உள்ள துண்டு இலக்கம், பரப்பு, நோக்கம் மூன்றும் உங்கள் துண்டோடு பொருந்த வேண்டும்.

தாழ்நிலத்துக்கு இலங்கைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதி தனியாக வேண்டும். கமநலக் கடிதம் இதற்கு ஈடாகாது. காணி பிரிப்புப் படத்தில் உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகார முத்திரை இருக்க வேண்டும். தலங்கம வாவியும் அதன் சுற்றுப்புறமும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. உங்கள் காணி அந்தப் பக்கமாக இருந்தால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் விசாரியுங்கள்.

இவை இல்லாமல் வாங்கினால் வீட்டுப்படம் அங்கீகாரம் பெறாது, வங்கிக் கடனும் நின்றுவிடும். கட்டினாலும் நிம்மதி இல்லை. கொழும்பைச் சுற்றிய தாழ்நிலங்களில் பல இடங்களில் அடியில் இருப்பது உக்கிய தாவரச் சேறு. மேலே போட்ட மண்ணின் பாரத்தில் அது வருடக்கணக்கில், ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் அமிழும். சுவர் வெடிப்பது அதனால்தான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலை இரவில் டிப்பரில் மண் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். பொலிஸில் சொன்னோம், “காணிக்காரர் தன் காணியில்தானே போடுகிறார்” என்றார்கள். அடுத்து என்ன செய்வது?
– வாசகர், வத்தளை

முதலில் கணக்கைப் பாருங்கள். முறைப்பாட்டில் எழுத உதவும். 20 பேர்ச்சஸ் என்பது 5,445 சதுர அடி. அதை 3 அடி உயர்த்த 16,335 கன அடி மண் தேவை. 100 கன அடி ஒரு கியூப் என்பதால் அது ஏறக்குறைய 163 கியூப். 3 கியூப் ஏற்றும் டிப்பரில் 55 லோட் வரை வரும். மண் இறுகுவதால் நடைமுறையில் இன்னும் கூடும். மழை நாளில் அந்த 20 பேர்ச்சஸில் 3 அடிக்கு நின்றிருக்கக்கூடிய நீர் 4 இலட்சத்து 60 ஆயிரம் லீற்றருக்கும் மேல். இனி அது உங்கள் முற்றத்தையும் அயலவர் கிணற்றையும் தேடி வரும். ஆகவே காணிக்காரர் “தன் காணியில்” செய்யும் வேலை தன் எல்லைக்குள் முடிவதில்லை.

55 லோட் ஒரே இரவில் வராது. உங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்தச் சில நாட்கள்தான். நிரப்பி முடிந்தபின் எழுதும் கடிதத்துக்கு “ஏற்கெனவே நிரப்பப்பட்ட காணி” என்ற பதில் வரும்.

உங்கள் பக்கத்திலிருந்தே, அந்தக் காணிக்குள் கால் வைக்காமல், திகதியும் நேரமும் விழும்படி படம் எடுங்கள். ஒரு மதகு, மின்கம்ப இலக்கம், கோயில் கோபுரம் என்று இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது படத்தில் இருக்க வேண்டும். டிப்பரின் இலக்கத்தகட்டையும் எடுங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் மண் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வயல் நிரப்புவதைத் தன் வேலையாக எண்ணாத பொலிஸ் உத்தியோகத்தருக்கும், அனுமதிப்பத்திரம் இல்லாத டிப்பரை மறிக்கும் அதிகாரம் தெளிவாக விளங்கும். ஆகவே பொலிஸில் “வயலை நிரப்புகிறார்கள்” என்று மட்டும் சொல்லாமல், “இந்த இலக்க டிப்பர் அனுமதியில்லாமல் மண் ஏற்றுகிறது” என்றும் சேர்த்துப் பதியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முதன்மைக் கடிதம் போகவேண்டிய இடம் கமநல சேவை நிலையம். அங்கே பிரதேச உத்தியோகத்தரின் பெயருக்கு எழுதி, மாவட்டக் கமநல அலுவலகம், பிரதேச செயலாளர், உள்ளூராட்சி மன்றச் செயலாளர், காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் ஆகியோருக்குப் பிரதி அனுப்புங்கள். எல்லாம் பதிவுத் தபாலில். “சூழல் அழிகிறது, நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதும் கடிதங்கள் கோப்பில் தூங்குவதைப் பார்த்துச் சலித்துவிட்டது. கிராம அலுவலர் பிரிவு, காணியின் பெயர், நான்கு எல்லை, ஏறக்குறைய எத்தனை பேர்ச்சஸ், எத்தனை அடி, எந்தத் திகதியிலிருந்து என்று எழுதுங்கள். இரண்டு விடயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வேலையை உடன் நிறுத்துவது, போட்ட மண்ணை அகற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்டால், பாதி நிரம்பிய வயல் அப்படியே கிடந்து அடுத்த வருடம் முழுதாக நிரம்பும்.

அந்த வெளியில் கமக்கார அமைப்பு இயங்கினால் அதன் பெயரிலும் ஒரு கடிதம் போகட்டும். வாய்க்கால் அடைபட்டு மேல்வயலில் நீர் தேங்குகிறது என்று அதே வாய்க்காலில் பாய்ச்சும் கமக்காரர் சொன்னால் அதன் எடை வேறு.

வெள்ளம் ஏற்கெனவே வீடுகளுக்குள் வந்துவிட்டதா? அப்படியானால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத்தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். பாதிக்கப்பட்ட நாலைந்து வீட்டார் சேர்ந்து போனால் வலு.

எங்கள் வளவில் நிற்கும் பலா மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா?
– வாசகர், ஹெந்தளை

வேண்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டத்தில் வருகின்றன. சொந்த வளவென்றாலும் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள்.

காட்டையோ சதுப்பையோ அழித்துச் செய்யும் பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அறிக்கை வேண்டும் என்கிறார்கள். ஆனால் திட்டம் தொடங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவருகிறது. பொதுமக்கள் எந்தக் கட்டத்தில் தலையிடலாம்?
– வாசகர், தெமட்டகொட

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் சேர்த்த பகுதிதான் இதற்கு அடிப்படை. எந்தத் திட்டங்களுக்கு அறிக்கை வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24 வர்த்தமானியில் வந்தது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவது, 50 ஹெக்டேயருக்கு மேல் காணி வெளியாக்குவது எல்லாம் அதில் அடங்கும்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகள் ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வர வேண்டும். அன்றிலிருந்து 30 நாள் பொதுமக்கள் கருத்து எழுதலாம். உங்களுக்குத் திட்டம் பிந்தித் தெரியவருவதன் காரணம் பெரும்பாலும் இந்தச் சின்ன அறிவித்தலை யாரும் கவனிக்காததுதான். சனசமூக நிலையமோ கோயில் சபையோ ஒருவரைப் பொறுப்பாக்கி, பத்திரிகை அறிவித்தல்களையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் இணையத்தளத்தையும் ஒவ்வொரு கிழமையும் பார்க்கச் செய்யுங்கள்.

கருத்து எழுதும்போது முழு அறிக்கையையும் மறுக்க முயலாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த நிலத்தைப் பற்றிய பிழையைப் பிடியுங்கள். வருடம் முழுக்க நீர் ஓடும் ஓடையை “பருவகால வடிகால்” என்று எழுதியிருக்கலாம். மாற்று இடம் ஆராயப்பட்டதா என்று பாருங்கள். நியாயமான மாற்றுவழிகளை அறிக்கை விளக்க வேண்டும் என்பது சட்டம். வெள்ள மட்டத்தை எந்த வருடத்தோடு ஒப்பிட்டார்கள்? 2016 மே வெள்ளத்தில் களனி ஆற்றோரம் எங்கெல்லாம் நீர் நின்றது என்று அங்கே வாழும் உங்களுக்குத் தெரியும். பக்க இலக்கத்தைக் குறிப்பிட்டு, படத்தோடு எழுதிய இரண்டு பக்கம் போதும்.

இரண்டு ஓட்டைகளை அறிந்து வையுங்கள். சில திட்டங்களுக்கு முழு அறிக்கை கேட்காமல் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையோடு முடித்துக்கொள்வார்கள். 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்கு இந்த 30 நாள் கருத்துக்கோரல் கிடையாது. எனவே திட்டம் காதில் விழுந்தவுடனேயே முழு மதிப்பீடு தேவை என்று எழுதிக் கேளுங்கள். மற்றது துண்டுபோடுதல்: 4 ஹெக்டேயரைத் தொடாமல் 3 ஹெக்டேயராக, இரண்டு கம்பனிப் பெயரில் வருவார்கள். அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதியில் உணர்திறன் மிக்க இடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. வன எல்லைக்கு 100 மீற்றருக்குள் உள்ள நிலம் அதில் ஒன்று. அந்த இடங்களில் பட்டியல் திட்டம் எவ்வளவு சிறிதானாலும் அனுமதி தேவை. துண்டுபோட்டுத் தப்ப முடியாத இடம் அது. உங்கள் நிலம் அந்தப் பகுதியில் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அனுமதி மறுக்கப்பட்டால் திட்டக்காரர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையிடலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் பொதுமகனுக்கு அந்த வழி இல்லை. இது அநீதி, மாற்றப்பட வேண்டியது. இன்றைக்கு உள்ள வழி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இரண்டாவதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். எப்பாவல பொஸ்பேற்று அகழ்வை எதிர்த்து அவ்வூர் விவசாயிகளும் ஒரு விகாரையின் தேரரும் போன வழி அதுதான். நாட்டின் இயற்கை வளத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கருத்தை 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு நிலைநாட்டியது.

எங்கள் சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டம். 1990களில் விட்டு வந்த வயலுக்குத் திரும்பிப் போனால் பற்றையும் மரமும். வன இலாகா எல்லைக்கல் போட்டிருக்கிறது. காட்டைக் காக்க வேண்டும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எங்கள் வயலை யார் காப்பது?
– வாசகர், வெள்ளவத்தை

ஐயா, காடு காக்கும் கொள்கை உங்களைப் போன்றவர்களின் வயலை விழுங்கினால் அந்தக் கொள்கைக்கு ஊரில் ஒரு நண்பரும் மிஞ்சமாட்டார். வயலையும் காட்டையும் ஒரே மூச்சில் காக்க வேண்டும்.

கல் போட்டிருப்பது மட்டும் பிரகடனம் ஆகாது. வன அலுவலகத்திடம் வர்த்தமானி இலக்கம், திகதி, எல்லை அட்டவணை, இணைந்த படம் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வர்த்தமானியில் ஒதுக்கக் காடாகவோ பேணற் காடாகவோ பிரகடனம் செய்திருந்தால், இன்னொரு வர்த்தமானியால்தான் விடுவிக்க முடியும். அமைச்சரோ பாராளுமன்ற உறுப்பினரோ வாயால் சொல்வது போதாது. பிரகடனம் இல்லாமல் ‘ஏனைய அரச காடு’ என்று வைத்திருந்தால், பிரதேச செயலகமும் வனத் திணைக்களமும் சேர்ந்த கள ஆய்வுக்கு விண்ணப்பியுங்கள்.

சான்று சேர்ப்பதுதான் நீண்ட வேலை. உறுதி அல்லது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரம், பழைய நில அளவைப் படம், கமநல நிலையத்தில் உங்கள் குளத்தின் கீழ் வரும் வயல்களின் பட்டியல், ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, அந்த முகவரியிலிருந்த வாக்காளர் இடாப்பு. ஊர் அலுவலகக் கோப்புகள் போரில் அழிந்திருந்தாலும் கொழும்பு நில அளவைத் திணைக்களத்தில் பழைய படங்களும் போருக்கு முந்திய வான்படங்களும் இருக்கின்றன. நீங்கள் கொழும்பில் இருப்பது இதற்கு வசதி. வான்படத்தில் வரம்புகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது அன்று காடாக இருக்கவில்லை. களத்தில் கிணறு, வாய்க்கால், குளக்கட்டு, வரிசையாக நின்ற பனை, வேலியோரப் பூவரசு எல்லாவற்றையும் அயல் கமக்காரர் முன்னிலையில் படமெடுத்து ஒரு வரைபடத்தில் குறியுங்கள். தனித்தனியாகப் போகாமல் ஒரு குளத்தின் கீழ் உள்ள எல்லோரும் ஒரே கோப்பாகப் போங்கள்.

பெக்கோ பிடித்துத் துப்புரவாக்கத் தொடங்காதீர்கள். வனக் கட்டளைச் சட்டத்தில் வழக்கு வரும். உங்கள் சான்றும் அதோடு சிதையும். மன்னார் மாவட்டத்தின் முசலியில் 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் காணிகள் 2012 வன வர்த்தமானி எல்லைக்குள் வந்தன. மீள்குடியேற்றத்துக்காகக் கல்லாற்றுக் காடு வெட்டப்பட்டது தொடர்பாக, வர்த்தமானி அப்படியே இருக்க, 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முன்னாள் அமைச்சர் ஒருவரைச் சொந்தச் செலவில் மரம் நட்டுக் கொடுக்கும்படி கட்டளையிட்டது. மக்களின் உரிமை உண்மையானது. ஆனால் காகிதத்தைத் திருத்தாமல் காட்டைத் திருத்தியதால் அந்த உரிமை நீதிமன்றத்தில் பலமிழந்து நின்றது.

சுற்றறிக்கை, வர்த்தமானி, சட்டம் மூன்றில் காட்டைக் காக்க எது பலமானது?
– உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

இலங்கை வரலாற்றிலேயே தெளிவான விடை இருக்கிறது, மகள். பிரகடனம் செய்யப்படாத எஞ்சிய காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை. 2020 நவம்பர் 4இல் இன்னொரு சுற்றறிக்கை அதை நீக்கி, அக்காடுகளை மாவட்ட, பிரதேச செயலாளர்களின் கைக்கு மாற்றியது. பாராளுமன்ற விவாதம் தேவைப்படவில்லை. பிறகு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. யானைப் பாதையாக இருந்த காடு சோளச் சேனையாவதற்கு ஒரு கையெழுத்து போதும் என்றால், அது பாதுகாப்பே அல்ல.

சிங்கராஜாவைப் பாருங்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் கொண்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்பால் 1977இல் நின்றது. 1988இல் வந்த தேசிய மரபுரிமை வனப் பிரதேசச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்டது; அதே வருடம் யுனெஸ்கோ உலக மரபுரிமையாகவும் ஏற்றது. அதன்பின் அதைத் தொட வேண்டுமென்றால் எல்லோர் கண்ணிலும் படாமல் முடியாது. பலம் என்பது அதுதான். வர்த்தமானி இடைநிலை: அமைச்சர் மாற்றலாம், ஆனால் அச்சில் வரும், நீதிமன்றத்தில் கேட்கலாம்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வயல் காக்கும் சட்டங்கள் இருக்கின்றனவே. அவை இங்கே உதவுமா?
– வாசகர், தெஹிவளை

கேரளத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நாம் எடுக்கவேண்டியது தரவுவங்கி. ஒவ்வொரு ஊராட்சியிலும் உள்ள வயலையும் ஈரநிலத்தையும் அளவை இலக்கத்தோடு பட்டியலிட்டு வெளியிட வேண்டும். அதைக் கண்காணிக்கும் உள்ளூர்க் குழுவில் ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர் ஆகியோரோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். வேறு காணி இல்லாத உடைமையாளர் வீடு கட்ட ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் (ஏக்கரில் பத்தில் ஒன்று) வரை விலக்கு உண்டு. ஏழை விவசாயியை அது நெருக்கவில்லை. 2020இல் வயலைப் பேணும் உடைமையாளருக்கு ஹெக்டேயருக்கு 2,000 இந்திய ரூபாய் கொடுக்கவும் தொடங்கினார்கள். தொகை சிறிது, ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் நிலத்துக்கு ஊர் கூலி கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பெரிது. பலவீனமும் அங்கேயே தெரிந்தது. 2018 திருத்தம், பட்டியலில் இல்லாத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்ற வழிவிட்டது. பட்டியலில் விடுபட்டால் நிலம் போய்விடும் என்பதால் பட்டியல் போடும் நாளில் அங்கே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு அகழ்வு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைப் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. வீட்டுமனை அந்தத் தடைப்பட்டியலில் இல்லை. கொழும்பைச் சுற்றி வயலைத் தின்பது வீட்டுமனைதான் என்பதால் அந்த மாதிரியை அப்படியே கொண்டுவந்தால் நமக்குப் பயன் குறைவு.

இங்கே நாம் கேட்கவேண்டியது, கமநல நிலையங்களில் இருக்கும் காணிப் பதிவேட்டை நில அளவைப் படத்தோடு இணைத்து எவரும் பார்க்கும்படி வெளியிடுவது. நொத்தாரிசு உறுதி எழுதுமுன் அந்தப் படத்தைப் பார்ப்பதைக் கட்டாயமாக்கினால், முதற்கேள்வியில் வந்த தரகரின் பேச்சுக்கு இடமே இராது. 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகாரம் பெற்றது. அந்தப் பெயரைப் பெற்ற நகரத்துக்கு இது அதிகமான கோரிக்கை அல்ல.

இந்தக் கடிதங்களையெல்லாம் தமிழில் எழுதலாமா? சிங்களத்தில் எழுதினால்தான் வேலை நடக்கும் என்கிறார்கள்.
– வாசகி, மட்டக்குளி

தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. இரவு டிப்பர் ஓடுகிறது என்றால் மட்டும், நாட்கள் வீணாகாமலிருக்கச் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் கூடவே இணையுங்கள்.

தகவல் கோரிக்கைக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் மறுத்தாலும் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையிடுங்கள். அவருக்கு மூன்று கிழமை. அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. “வயல் தொடர்பான எல்லா ஆவணமும்” என்று கேட்காதீர்கள். “இந்தத் துண்டு இலக்கத்துக்கு நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் அக்கடிதத்தின் பிரதி” என்று கேளுங்கள். அனுமதி கொடுக்கப்படவில்லை என்று வரும் ஒருவரிப் பதிலே நீதவான் முன் வைக்க நல்ல சான்று.